கட்டை உருண்டப்புறம் பேசாதீங்க

மக்களே, இந்தப் பதிவு ரெண்டு கோஷ்டிக்கும் எதிரானது. முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் உள்குத்து அது இதுன்னு தேடிக்கிட்டு இருக்க வேணாம். இதுல எல்லாமே வெளிக்குத்துதான் :-)

முதல் கோஷ்டி எழுத்துக்கட்சி. "புக்ல என்ன போட்டிருக்கோ அதான். ஒரு கமா மாறக்கூடாது" என்பவர்கள். ரெண்டாவது கோஷ்டி நாட்டாமைக் கட்சி. "புக்கெல்லாம் சும்மா, ஆட்டம் நடத்துறவர் சொல்றதுதான் தீர்ப்பு, செம்பை எடுத்து உள்ள வை" என்பவர்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற எந்தக் கும்பலைப் பார்த்தாலும் சண்டைக் காட்சி வந்ததும் இந்த ரெண்டு கட்சியும் மோதிக்குது. யார் அர்த்தம் சொல்றது என்பதுதான் ரெண்டு பேருக்கும் தகராறு. யாராவது எப்போ சொல்றதுன்னு கேக்கறாங்களா? இல்லை. என் வழக்கு அவ்வளவுதான். அர்த்தத்தை யார் வேணா சொல்லுங்க. கட்டை உருளறதுக்கு முன்னாடி சொல்லுங்க.

இந்த ஆட்டத்தைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு பாரா. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம்.

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற ரெண்டு பேர் போட்ட ஆட்டம். ஒருத்தர் கதை நடத்துவார், அவருக்கு டஞ்சன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தர் வாள்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன், இப்படி. யாரையாவது வெட்டணும்னா இருபது முகம் இருக்கிற பகடையை உருட்டி, வர்ற எண்ணோட உங்க பாத்திரத்தோட திறமையைக் கூட்டணும். எதிராளியோட தற்காப்பு எண்ணை எட்டினா வெட்டு விழுந்தது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர்ல சின்னப் பசங்க மேசையைச் சுத்தி உக்காந்து கத்துவாங்களே, அதே ஆட்டம்தான்.

சண்டை சுற்று சுற்றா நடக்கும். ஒரு சுற்று என்பது கதைக்குள்ள ஆறு நொடி. ஒரு சுற்றுக்குள்ள எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு முறை ஆட்டம் வரும். இங்கிலீஷ்ல சுற்றுக்கு ரவுண்ட், முறைக்கு டேர்ன். இந்த ரெண்டு வார்த்தையை மட்டும் முந்தானையில முடிஞ்சு வச்சுக்குங்க. பின்னாடி ஒரு கொலையே நடக்கப் போகுது.

*

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், தாமல்ல உக்காந்துக்கிட்டு உனக்கெதுக்குய்யா"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கேள்வி. தாயம் என்ன சமாச்சாரம்?

காஞ்சிபுரத்துலேர்ந்து பெங்களூர் ரோட்டுல வந்தா எங்க ஊர். பெரிய ஏரி, வராகீஸ்வரர் கோயில், தறிச் சத்தம். சிவராத்திரிக்குக் கண் முழிக்கணுமே, அதுக்குத் திண்ணைக்குத் திண்ணை தாயம் ஓடும். சுண்ணாம்புல கட்டம், புளியங்கொட்டை, வளையல் துண்டு, உடைஞ்ச சாக்பீஸ்னு காய்கள், ரெண்டு பித்தளைக் கட்டை. இதுல வெட்டுன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? அது சண்டைத் திறன் விதி இல்லாம வேற என்னங்க?

கணக்குப் பாருங்க. ஒவ்வொரு கட்டைக்கும் நாலு முகம். வெறும் முகம், ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமா விழலாம். அதுல தாயம், அதாவது ஒண்ணு, விழறது 2 விதம். எட்டுல ஒரு தடவை. அஞ்சு 2 விதம், ஆறு 1, ரெண்டும் வெறும் முகமா விழுந்து பன்னெண்டு ஆகறது 1. இந்த நாலுக்கும் மறுபடி போடலாம். ஆக 16ல் 6 விதத்துக்கு மறு ஆட்டம். வெட்டினா அதுக்கு ஒரு மறு ஆட்டம். மலையில, அதாவது பெருக்கல் குறி போட்ட கட்டத்துல, நின்னா வெட்ட முடியாது. பல வீட்ல, ஒரு வெட்டாவது வெட்டாதவன் உள்சுத்துக்குப் போகவே முடியாது. பழமெடுக்கணும்னா ஒருத்தனையாவது வெட்டியே ஆகணும். இதைவிடக் கறாரான சண்டை விதி எந்த புக்ல இருக்கு?

ஆனா வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். ஒரே கட்டத்துல என்னோட ரெண்டு காய் சேர்ந்து நின்னா ஒத்தைக் காய் வந்து வெட்டலாமா? சில வீட்ல வெட்டலாம், சில வீட்ல ஜோடியை ஜோடிதான் வெட்டணும். மூணு தாயம் தொடர்ந்து விழுந்தா அதிர்ஷ்டமா, செல்லாக்காசா? அதுக்கும் ஊருக்கு ஒரு பதில். ஆடுபுலி ஆட்டத்துலயும் இதே கதைதான். மூணு புலி, பதினஞ்சு ஆடு வரைக்கும் சண்டையில்லை. புலி ஒரே தாவில் அடுத்தடுத்து ரெண்டு ஆட்டை அடிக்கலாமாங்கற இடத்துல சட்டையைப் பிடிச்சுக்குவாங்க. நம்மூர்க் கோயில்கள்ல கல்தரையில கீறி வச்சிருக்கற கட்டங்களைப் பார்த்திருப்பீங்க. கட்டம் கல்லுல இருக்கு. எப்படி ஆடணும்னு ஒரு எழுத்தும் அங்க இல்லை.

எழுத்தே இல்லாத இந்த ஆட்டம் எப்படி இத்தனை தலைமுறை ஓடுச்சு? எங்க ஆயா ஒரே ஒரு சட்டம் வச்சிருந்துச்சு. புதுசா யாராவது வந்து உக்காந்தா முதல்ல, "உங்கூட்டுக் கணக்கு இன்னா?"ன்னு கேக்கும். ஜோடிக்கு வெட்டு உண்டா, மூணு தாயத்துக்கு இன்னா கணக்கு, எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டுத்தான் கட்டை கைக்கு வரும். நடுவுல யாராவது வாயைத் தொறந்தா, "கட்டைய எடுக்கறதுக்கு முன்ன பேசு, கீழ உழுந்தப்புறம் பேசாத." அவ்ளோதான். ஆயாவுக்கு அதிகாரம் இல்லாம இல்லை. அந்த வீட்டுக்கே நாட்டாமை அது. ஆனா அந்த அதிகாரத்தைக் கட்டை விழறதுக்கு முன்னாடி மட்டும் காட்டும்.

*

இப்போ சொன்ன கொலைக்கு வருவோம்.

எங்க அத்தைப் பொண்ணு, காலேஜ்ல ரெண்டாம் வருஷம். எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். காஞ்சிபுரத்துல ஞாயித்துக்கிழமை ஆடற ஒரு கும்பல்ல சேர்ந்தா. பேர் வேணாம். நான் அந்த மேசையில இல்லை. அவ சொன்னா, அப்புறம் அந்த டிஎம்மும் சொன்னார், ரெண்டு கதையும் ஒத்துப்போகுது. அதனால எழுதறேன்.

அவ பாத்திரம் அஞ்சாவது லெவல் ரோக், அதாவது திருடி. ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக்னு ஒரு திறமை. எதிராளி அசந்த நேரத்துல, இல்லைன்னா நம்ம ஆள் ஒருத்தர் அவன் பக்கத்துலயே நின்னு இழுத்துப் பிடிச்சிருக்கற நேரத்துல குத்தினா கூடுதல் சேதம். அஞ்சாவது லெவல்ல அதுக்கு ஆறு முகப் பகடை மூணு, சராசரி பத்தரை. அவ தன் முறையில ஒரு கோப்ளின் தலைவனை இப்படிக் குத்திட்டா. அப்புறம் அவன் முறை வந்துச்சு. உயிர் கொஞ்சம்தான் பாக்கி, ஓடப் பார்க்கறான். எதிராளி பிடியை விட்டு ஓடினா ஓடறவன் முதுகுல ஒரு குத்து குத்த விதி இடம் குடுக்குது. உருட்டினா. பதினேழு. பட்டுடுச்சு. மூணு பகடையைக் கையில அள்ளிட்டா.

"அது கிடையாது"ன்னார் டிஎம். "இந்த ரவுண்ட்ல ஒரு தடவை யூஸ் பண்ணிட்டே."

"டேர்னுக்கு ஒரு தடவைன்னுதானே போட்டிருக்கு? இது அவன் டேர்ன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. லாஜிக் பாரு."

மேசையில இருந்த அண்ணன்மார்கள் ரெண்டு பேரும் ஆமாம் போட்டாங்க. கோப்ளின் தப்பிச்சான், வில்லாளிகளைக் கூட்டிக்கிட்டு வந்தான், அன்னைக்கு ராத்திரிக்குள்ள திருடி செத்துப்போனா. அத்தைப் பொண்ணு அடுத்த வாரத்துலேர்ந்து போகலை.

புக்ல என்ன போட்டிருக்கு? 2014 பதிப்புலயும் முறைக்கு ஒரு தடவை. 2024 பதிப்புலயும் முறைக்கு ஒரு தடவை. சுற்றுக்கு ஒரு தடவை இல்லை. அடுத்தவன் முறையில குத்தினா தாராளமா உண்டு. அவ சொன்னது அட்சர சுத்தம்.

*

உடனே எழுத்துக்கட்சி துள்ளிக் குதிக்கும். "பாத்தியா! புக்கைப் படிச்சிருந்தா பிரச்சினையே இல்லையே!"

அண்ணாச்சிகளா, கொஞ்சம் உக்காருங்க. உங்க வண்டவாளத்தையும் தண்டவாளத்துல ஏத்தணும்.

பாலடின்னு ஒரு பாத்திரம், தெய்வ அருள் பெற்ற வீரன். வெட்டு விழுந்ததும் டிவைன் ஸ்மைட் என்று தெய்வ சக்தியை இறக்கிக் கூடுதல் அடி கொடுப்பான். 2014 புக்ல இதுக்கு மெலீ வெப்பன் அட்டாக் பட்டிருக்கணும்னு விதி. அதே புக்ல வெறுங்கையால குத்தறதும் மெலீ வெப்பன் அட்டாக் கணக்குலதான் வருது. ஆனா கை ஆயுதம் இல்லை. ஆக கையால குத்தினா அது ஆயுதத் தாக்குதல், ஆனா ஆயுதம் இல்லாத ஆயுதத் தாக்குதல். சரி, பாலடின் முஷ்டியால குத்தி ஸ்மைட் போடலாமா? விதியோட முதல் பாதியைப் படிச்சா போடலாம். அடுத்த பாதியில, ஆயுதத்தோட சேதத்துக்கு மேல இந்தச் சேதம்னு இருக்கு. கையில ஆயுதமே இல்லையே, அப்போ போட முடியாது. கம்பெனியே 'சேஜ் அட்வைஸ்' விளக்கத்துல முடியாதுன்னு சொல்லுச்சு. அதே விளக்கத்துல, டிஎம் விருப்பப்பட்டா விடலாம், அதனால ஆட்டத்தோட சமநிலை கெடாதுன்னும் சொல்லுச்சு. அப்புறம் 2024ல் புது புக்கு வந்துச்சு. ஸ்மைட் மந்திரமா மாறுச்சு, வெறுங்கைக் குத்துக்கும் உண்டுன்னு எழுத்துலயே போட்டுட்டாங்க.

பத்து வருஷம்! முஷ்டி ஆயுதமான்னு பத்து வருஷம் வக்கீல் நோட்டீஸ் விட்டீங்களே, இப்போ எழுத்தே கட்சி மாறிடுச்சு. என்ன பண்ணப் போறீங்க?

"நான் அர்த்தம் சொல்லலை, இருக்கறதைப் படிக்கிறேன்" என்பது எழுத்துக்கட்சியோட பெரிய ஜல்லி. ரெண்டு வரிக் குறளுக்குப் பதின்மர் உரை உண்டு நம்மகிட்ட. பத்துப் பேரும் அதே ரெண்டு வரியைத்தான் படிச்சாங்க. மணக்குடவர் போன பாதையில எல்லா இடத்துலயும் பரிமேலழகர் போகலை. வள்ளுவருக்கே இந்த கதின்னா, கோப்ளின் முதுகுல குத்தறதைப் பத்தி எழுதினவர் எம்மாத்திரம்? படிக்கறதே உரை சொல்றதுதான். அதுல குத்தமில்லை. பகடை என்ன விழுந்துச்சுன்னு பார்த்துட்டு, எந்த உரை நமக்குச் சாதகம்னு தேர்ந்தெடுக்கறதுதான் குத்தம்.

*

நாட்டாமைக் கட்சிக்காரங்க இதுக்குள்ள கை தட்டியிருப்பீங்க. கையைக் கீழ போடுங்க.

உங்க கையில ஒரு பெரிய சாட்சி இருக்கு, ஒத்துக்கறேன். கைகாக்ஸே 1979ல் வந்த டிஎம் கையேட்டுல, விதியோட எழுத்தைவிட ஆட்டத்தோட உணர்வுதான் முக்கியம் என்கிற பொருள்ல எழுதியிருக்கார். 2024 கையேடும் விதிகளை நல்லெண்ணத்தோட படிக்கணும்னு சொல்லுது. ரெண்டுமே எனக்குச் சம்மதம்.

ஆனா நீங்க தீர்ப்பு சொல்ற நேரத்தைப் பாருங்க. பதினேழு விழுந்தாச்சு. கோப்ளினுக்கு உயிர் எவ்வளவு பாக்கின்னு உங்களுக்குத் தெரியும். இந்தத் தீர்ப்பு யார் தலையில விழும்னு தெரியும். உங்க கதைக்கு அந்தக் கோப்ளின் வேணுமா வேணாமான்னும் தெரியும். இவ்வளவும் தெரிஞ்ச ஒருத்தர் அந்த நிமிஷத்துல சொல்ற "லாஜிக்"கை யாரால நம்ப முடியும்? நீங்க உண்மையிலேயே நேர்மையானவரா இருக்கலாம். ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவளுக்கு அதைத் தெரிஞ்சுக்க ஒரு வழியும் இல்லை. முன்னாடியே சொல்லியிருந்தா அது விதி. சுற்றுக்கு ஒரு தடவைதான்னு அந்த டிஎம் ஆட்டம் ஆரம்பிக்கறப்பவே சொல்லியிருந்தா, புக்குக்கு விரோதமா இருந்தாலும் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அவளும் முதல் குத்தை வேற மாதிரித் திட்டம் போட்டிருப்பா. பின்னாடி சொன்னா அது பறிமுதல்.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் முதல் எபிசோடை ஞாபகப்படுத்திப் பாருங்க. வில் தீப்பந்து எறியப் போறான். பதிமூணோ அதுக்கு மேலயோ விழணும்னு முதல்லயே பேசியாச்சு. பகடை உருண்டு எங்கயோ போயிடுது. அப்புறம் வில்லே வந்து ஏழுதான் விழுந்துச்சுன்னு ஒத்துக்கறான். கேக்க ஆளில்லாத இடத்துல அந்தப் பையன் உண்மை சொல்ல முடிஞ்சதுக்கு ஒரு காரணம், ஏழுக்கு என்ன அர்த்தம்னு முன்னாடியே முடிவானது. அர்த்தம் மிதந்துக்கிட்டிருந்தா உண்மை பேசி என்ன பிரயோஜனம்?

*

நம்ம பக்கத்துக் கூத்துலயே பெரிய உதாரணம் இருக்கு. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுல விடிய விடியத் துகிலுரிதல் பார்த்தவங்க எத்தனை பேர் இருக்கீங்க?

தருமன் நாட்டைத் தோத்தான், தம்பிகளைத் தோத்தான், தன்னையே தோத்தான். அதுக்கப்புறம் சகுனி தூண்டிவிட, பாஞ்சாலியைப் பந்தயம் வச்சான். சபையில பெரியவங்க சீச்சின்னாங்க. விதுரர் தலையில கை வச்சு உக்காந்தார். ஆனா "தன்னையே தோத்தவனுக்குப் பந்தயம் வைக்க என்ன பாத்தியதை?"ன்னு கட்டையை நிறுத்தி யாரும் கேக்கலை. கட்டை உருண்டுச்சு. அப்புறம் அந்தக் கேள்வியை அவளே கேக்க வேண்டியதாப் போச்சு. என்னை முதல்ல தோத்தாரா, தன்னை முதல்ல தோத்தாரா? விதிப்படி பிரமாதமான கேள்வி. பீஷ்மர் என்ன சொன்னார்? தர்மம் நுட்பமானது, என்னால தீர்த்துச் சொல்ல முடியலைன்னுட்டார். விகர்ணன்னு ஒரு சின்னவன் அவ பக்கம் பேசினான், கர்ணன் அவனை அடக்கிட்டான்.

பீஷ்மருக்கு விதி தெரியாதா? எல்லாம் தெரியும். ஆனா கட்டை விழுந்தப்புறம் விதி என்பது பலத்தோட கேள்வி ஆயிடுது. ஜெயிச்சவன் ஒரு பக்கம், தோத்தவ ஒரு பக்கம்னு தெரிஞ்சப்புறம் எந்தப் பெரிய மனுஷனுக்கும் வாய் வராது. வாய் வர்ற சின்னவனுக்கோ சபை கிடைக்காது.

நான் அத்தைப் பொண்ணு விஷயத்தைப் பெருசா எடுத்துக்கறதுக்கு இதான் காரணம். "சும்மா ஒரு கேம்தானே, இதுக்கு பாரதம் எல்லாமா"ன்னு கேக்கறவங்களுக்குச் சொல்றேன். பகடை விழுந்தப்புறம் நடக்கற வாக்குவாதத்துல யார் ஜெயிக்கறா? சத்தமா பேசறவர், வயசுல மூத்தவர், புக்கைக் காசு குடுத்து வாங்கினவர். நம்ம ஊர்ல கூடவே ஒண்ணு, இங்கிலீஷ் சரளமா வர்றவர். டேர்ன், ரவுண்ட் ரெண்டையும் தமிழ்ல அவசரத்துக்குச் "சுத்து"ன்னே சொல்லிட்டுப் போயிடறோம். அந்த ஒரு வார்த்தைச் சந்துலதான் அவ திருடி செத்தா. அவ சரியாத்தான் படிச்சிருந்தா. ஆனா அந்த நேரத்துல மூணு பேர் முன்னாடி வாதாடற இங்கிலீஷும் தைரியமும் இல்லை. தமிழ்ல முன்னாடியே "உன் ஆட்டத்துக்கு ஒண்ணு, அவன் ஆட்டத்துக்கு ஒண்ணு"ன்னு பேசியிருந்தா, அவளுக்கு வக்கீலே தேவைப்பட்டிருக்காது.

*

"எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிக்க முடியுமா? முன்னூறு பக்க புக்கு, எந்தச் சந்துல எந்தச் சிக்கல் வரும்னு யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்விதான். என் பதில் மூணு.

ஒண்ணு. ஆடறவங்க ஒவ்வொருத்தரும் தன் பாத்திரத்தோட ரெண்டு மூணு முக்கியமான சண்டைத் திறனைத் தமிழ்ல, தன் வார்த்தையில ஒரே தாள்ல எழுதி டிஎம்கிட்ட காட்டட்டும். அஞ்சு பேருக்கு அஞ்சு தாள். எங்க முட்டும்னு அங்கயே தெரிஞ்சுடும். தறிக்காரங்களைக் கேளுங்க. உடம்புக்கு என்ன கலர், பார்டருக்கு என்ன கலர்னு முடிவு பண்ணிட்டுத்தான் பாவைத் தறியில ஏத்துவாங்க. பாதிப் புடவையில கலர் மாத்தற நெசவாளியைப் பார்த்திருக்கீங்களா?

ரெண்டு. நடு ஆட்டத்துல சந்தேகம் வந்தா பகடையைக் கையில வச்சுக்கிட்டே கேளுங்க. "இது பட்டா என்ன, படாட்டி என்ன?" டிஎம் பதில் சொன்னப்புறம் உருட்டுங்க. பத்து நொடி ஆகும். கோப்ளின் எங்கயும் ஓடிட மாட்டான், அவன் பேப்பர்லதான் இருக்கான் :-)

மூணு. இதையும் மீறி, உருட்டினப்புறம்தான் சிக்கல் தெரிஞ்சதா? அந்த உருட்டு, உருட்டினவங்க நம்பி உருட்டின அர்த்தத்துக்கே செல்லும். டிஎம்முக்கு அது பிடிக்கலைன்னா அடுத்த வாரத்துலேர்ந்து மாத்தட்டும். "எவனாவது வேணும்னே தப்பர்த்தம் பண்ணினா?"ன்னு கேப்பீங்க. ஒரு தடவை பண்ணட்டுமே. ஒரு கோப்ளின் சாவான். அடுத்த ஆட்டத்துலேர்ந்து அந்தச் சந்து அடைபட்டுடும். ஒரு கோப்ளின் போறது பெருசா, ஒரு ஆள் மேசையை விட்டே போறது பெருசா?

எழுத்துக்கட்சிக்கு இதுல என்ன நஷ்டம்? புக்கைப் படிச்ச அறிவை ஆட்டத்துக்கு முன்னாடி காட்டலாம், எல்லாரும் கேப்பாங்க. நாட்டாமைக் கட்சிக்கு என்ன நஷ்டம்? அதே தீர்ப்பை அதே செம்போட கொஞ்சம் சீக்கிரமா சொல்லணும், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் போறது ஒண்ணே ஒண்ணு. விழுந்த எண்ணைப் பார்த்துட்டு வாய் தொறக்கற சௌகரியம். அந்தச் சௌகரியம் இல்லாம ஆட முடியாதுன்னு யாராவது சொன்னா, அவர் இவ்வளவு நாளா ஆடினது என்ன ஆட்டம்னு நாமளே புரிஞ்சுக்கலாம்.

டிஸ்கி: உங்க வீட்டுத் தாயத்துல ஜோடிக்கு வெட்டு உண்டா இல்லையான்னு எழுதிட்டுப் போங்க. தகராறு பண்ண மாட்டேன். கட்டை இன்னும் என் கையிலதான் இருக்கு.